எருக்கம்பூ மாலையும் உபமன்யுவின் கண்களும்

ஊரின் எல்லையில், உழவர் கைவிட்ட தரிசில், இடிந்த மதிலோரத்தில், இரயில் பாதையின் சரளைக் கற்களுக்கிடையில் என்று யாரும் விதையாமல், யாரும் நீர் வாராமல் ஒரு செடி வளர்ந்து நிற்கிறது. சாம்பல் பூத்தாற்போன்ற தடித்த இலைகள், மெழுகினாற் செய்து வைத்தாற்போன்ற பூக்கள், கிள்ளினால் பொங்கி வழியும் வெண்பால். அதுவே எருக்கு. ஒருவர் குடி அழிய வேண்டும் என்று சபிப்பவர் "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்பர். அதே எருக்கின் பூவை நாரில் தொடுத்து, விநாயக சதுர்த்தியன்று பிள்ளையாரின் திருமார்பில் சாற்றி மகிழ்வதும் நாமே. சாபத்துக்கும் பூசைக்கும் ஒருங்கே உரிய செடி இதைப்போல் வேறொன்று உண்டோ என்பது ஐயம்.

இச்செடியின் பெருமையை அன்பர்கள் பலர் அறிவர். இதன் கொடுமையை அறிந்தோர் சிலரே. இரண்டையும் சேர்த்து அறிந்துகொள்வது நம் போன்ற முதியோருக்கு மிகவும் தேவை என்பதை என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி உணர்த்திற்று. அதைச் சொல்லுமுன், பாரதத்தில் வரும் ஒரு கதையை நினைவுகூர்வோம்.

கிணற்றில் விழுந்த சீடன்

மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் தௌம்யர் என்ற ஆசிரியரின் வரலாறு வருகிறது. அவருடைய சீடர்களுள் ஒருவன் உபமன்யு. (பாலுக்கு அழுது பாற்கடலையே பெற்ற வியாக்கிரபாதரின் மைந்தர் உபமன்யு வேறு; இவன் வேறு.) ஆசிரியரின் பசுக்களை மேய்ப்பது இவன் பணி. இவனுடைய குருபக்தியைச் சோதிக்க எண்ணிய ஆசிரியர், இவன் பெற்று வரும் பிச்சை அன்னம் முழுவதையும் வாங்கிக்கொண்டார். இரண்டாம் முறை பிச்சைக்குச் செல்வது பிறர் பங்கைப் பறிப்பதாகும் என்று தடுத்தார். பசுவின் பாலைப் பருகக் கூடாது என்றார். கன்றுகள் குடிக்கையில் வாயோரம் வழியும் நுரையையும் உண்ணலாகாது என்றார். எல்லாவற்றுக்கும் "அப்படியே" என்று பணிந்த உபமன்யு, பசி பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் காட்டில் எருக்கிலையைத் தின்றான். காரமும் கூர்மையும் மிக்க அவ்விலையால் அவன் கண்ணொளி போயிற்று. வழி தெரியாமல் தடுமாறி, பாழுங்கிணறு ஒன்றில் விழுந்தான்.

மாலையில் அவனைத் தேடிக் காட்டுக்கு வந்து அழைத்த ஆசிரியருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து விடை வந்தது. தேவ மருத்துவர்களாகிய அசுவினி தேவர்களைத் துதிக்கும்படி ஆசிரியர் பணித்தார். துதித்தான். அவர்கள் தோன்றி அப்பம் ஒன்றைத் தந்தனர். "என் ஆசிரியருக்குப் படைக்காமல் உண்ணேன்" என்று மறுத்தான். அந்த உறுதியைக் கண்டு மகிழ்ந்து கண்ணொளியை மீண்டும் அருளினர்.

குருபக்திக்கு எடுத்துக்காட்டாகவே இக்கதையைப் பெரியோர் சொல்வது வழக்கம். எனினும், இதனுள் மற்றோர் அறிவும் பொதிந்து கிடக்கிறது. எருக்கு கண்ணுக்குப் பகை என்பதை நம் முன்னோர் இதிகாச காலத்திலேயே அறிந்திருந்தனர். சீடன் தின்றது வேறெந்த இலையாகவும் இருந்திருக்கலாம். எருக்கிலை என்று குறித்துச் சொன்னதில் பொருள் உண்டு.

ஒரு ரதசப்தமிக் காலை

என் தமக்கையாருக்கு அப்போது வயது எழுபத்து நான்கு. தை மாத வளர்பிறைச் சப்தமியாகிய ரதசப்தமியன்று, விடியுமுன் எழுந்து எருக்கிலை பறிக்க வாய்க்கால் கரைக்குச் சென்றார். இளமை முதல் செய்து வந்த வேலைதான். இருளில் கிளையை முகத்துக்கு நேரே வளைத்து இலையைக் கிள்ளியபோது பால் தெறித்தது. வலக்கண்ணில் ஏதோ பட்டதுபோல் இருந்ததாம். வலி இல்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு வீடு வந்து, இலைகளை வைத்து நீராடி, சூரிய தேவனுக்குச் சர்க்கரைப் பொங்கல் படைத்துவிட்டார்.

நண்பகலில் விளக்கின் சுடரைச் சுற்றி வானவில் வளையம் தெரிவதாகச் சொன்னார். மாலையில் அந்தக் கண்ணுக்கு எல்லாம் பனிமூட்டமாயிற்று. "தலைக்குக் குளித்ததால் வந்த நீர்க்கோவை" என்று ஒருவரும், "விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகும்" என்று ஒருவரும் சொல்ல, ஓர் இரவு வீணாயிற்று. மறுநாள் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கருவிழி வீங்கியிருந்தது. "எருக்கம்பால் பட்டதா?" என்று அவரே கேட்டார். விழாக் காலங்களில் இப்படி வருவோரைத் தாம் பார்த்திருப்பதாகவும் கூறினார்.

அவர் விளக்கிய செய்தி இது. எருக்கம்பாலுக்கு உணர்வை மரத்துப்போகச் செய்யும் தன்மை உண்டு. ஆகையால் சுண்ணாம்போ மிளகாயோ பட்டாற்போல் உடனே எரிந்து துன்புறுத்துவதில்லை. வலிக்காததால் நாமும் கழுவாமல் விட்டுவிடுகிறோம். பால் கருவிழியின் ஊடே உட்சென்று, அதன் உட்புறத்தை வரிசையாக மூடியிருக்கும் நுண்ணிய உயிரணுக்களைத் தாக்குகிறது. கருவிழியில் நீர் தேங்காமல் இறைத்து, அதைக் கண்ணாடிபோல் தெளிவாக வைத்திருப்பவை அவ்வணுக்களே. அவை தளர்ந்தால் கருவிழி நீர்கோத்துப் புகைபடிந்த கண்ணாடியாகிவிடும். இழந்த அணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவை விரிந்து இடத்தை நிரப்பிக்கொண்டால் பார்வை திரும்பும். முதுமையில் அவற்றின் எண்ணிக்கை இயல்பாகவே குறைந்திருக்கும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு இன்னும் குறைந்திருக்கும். ஆகவே இளைஞர் தாங்குவதை முதியவர் கண் தாங்குவதில்லை.

சொட்டு மருந்துகளால் மூன்று வாரங்களில் தமக்கையாருக்குப் பார்வை பெரிதும் மீண்டது. முழுவதும் மீளவில்லை. ஊசியில் நூல் கோக்க இன்றும் இடக்கண்ணையே நம்புகிறார்.

தெய்வங்கள் விலக்காத மலர்

இத்தகைய நஞ்சுச் செடியை நம்மவர் ஏன் பூசைக்குக் கொண்டனர்? வடமொழியில் 'அர்க்கம்' என்பது சூரியனுக்கும் பெயர், எருக்குக்கும் பெயர். நவக்கிரக வேள்வியில் கதிரவனுக்குரிய சமித்து எருக்கங்குச்சியே. ருத்திரனைக் குறித்த சதருத்ரீய ஹோமத்தில் எருக்கிலையால் ஆகுதி அளிப்பதை வேத நூல்கள் விதித்துள்ளன. விநாயகருக்குரிய 21 பத்திரங்களுள் அர்க்க பத்திரமும் ஒன்று. மகாராட்டிரத்தில் இதை 'ருயீ' என்று அழைத்து, அனுமனுக்கு மாலையாக்கிச் சாற்றுகின்றனர். தெலுங்கர் 'ஜில்லேடு' என்பர். வடநாட்டார் 'ஆக்' என்பர்.

தமிழ் மரபிலும் இதன் இடம் மிகத் தொன்மையானது. எருக்கம்பூவை நல்லதென்றும் சொல்ல முடியாது, தீயதென்றும் சொல்ல முடியாது. ஆயினும் அன்புடன் ஒருவர் சூட்டினால் தெய்வங்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை என்ற கருத்தைக் கபிலர் புறநானூற்றில் வைத்துள்ளார். அறிவில்லாதவர் நாடிச் சென்றாலும் பாரி வள்ளல் ஏற்று ஈவான் என்பதற்கு அவர் காட்டிய உவமை அது. காதல் கைகூடாத தலைவன் மடலேறித் தெருவில் வரும்போது எருக்கங்கண்ணி சூடுவதைக் குறுந்தொகை கூறுகிறது. உலகம் ஒதுக்கியதைச் சூடிக்கொள்பவன் என்ற பொருளில், சிவபெருமான் எருக்கு அணிந்த கோலத்தைத் தேவாரம் பலகாலும் போற்றுகிறது. ஊமத்தையும் எருக்கும் நஞ்சுச் செடிகள். நஞ்சுண்ட கண்டனுக்கு அவை மாலையாவதில் வியப்பில்லை.

எருக்கின் பெயரையே தாங்கிய தலமும் நமக்கு உண்டு. விருத்தாசலத்தை அடுத்த இராசேந்திரப்பட்டினம், தேவார காலத்தில் திருவெருக்கத்தம்புலியூர் எனப்பட்டது. வெள்ளெருக்கே இதன் தலமரம். ஞானசம்பந்தர் பாடிய இப்பதி, அவருடன் யாழிசைத்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் அவதரித்த ஊருமாகும்.

காவிரி வடகரையில் சூரியனார்கோயில், திருமங்கலக்குடிப் பகுதி முன்பு எருக்கங்காடாக இருந்ததாகத் தலபுராணம் கூறும். காலவ முனிவருக்கு வரவிருந்த தொழுநோயைத் தடுத்து வரமளித்த நவக்கிரகங்களைப் பிரமன் சினந்தார். அந்நோய் அவர்களையே பற்றுமாறு சபித்தார். அகத்தியர் வழிகாட்ட, நவநாயகர்கள் இவ்வனத்தில் இறைவனை வழிபட்டு, எருக்கிலையில் சிறிது தயிரன்னம் வைத்து உண்டு சாபம் நீங்கினர் என்பது வரலாறு.

ரதசப்தமி நீராடலுக்குப் பீஷ்மரின் கதையைப் பக்தர்கள் வழிவழியாகச் சொல்வர். திரௌபதி அவையில் அவமதிக்கப்பட்டபோது வாளாவிருந்த பாவம், அம்புப் படுக்கையில் உயிர் பிரியாமல் அவரை வாட்டியதாம். வியாசர் கதிரவனுக்குரிய எருக்கிலைகளால் அவர் உடலை மூட, அத்துயர் தணிந்ததாம். அதன் நினைவாகவே ஏழு இலைகளைத் தலையிலும் தோள்களிலும் கால்களிலும் வைத்து நீராடுகிறோம்.

பாலைவனத்தின் பிள்ளை

எருக்கில் இரு வகைகள் நம் நாட்டில் பரவலாக உள்ளன. தமிழகத்தில் மிகுதியாகக் காண்பது பெரிய எருக்கு. இதன் பூ நீலங்கலந்த ஊதா நிறத்தது. வெண்மையாய்ப் பூப்பது வெள்ளெருக்கு. இராசத்தானத்துத் தார்ப் பாலைவனத்தில் மணற்குன்றுகளின்மேல் நிற்பது இதன் உறவான மற்றொரு வகை. அது அரேபியா வழியாக மேற்கு ஆப்பிரிக்கா வரையில் பாலை நிலமெங்கும் பரந்திருக்கிறது. ஆழ்ந்த வேர், நீர் ஆவியாகாமல் காக்கும் மெழுகுப் பூச்சு, கடிக்க வரும் விலங்கை விரட்டும் கசப்புப் பால் ஆகிய மூன்றுமே எருக்குக்கு ஆண்டவன் அளித்த கவசம். மாடு இதைத் தீண்டுவதில்லை. ஆனால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு இவ்விலையே அமுது. நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகளும் அப்பூச்சியை உண்ண அஞ்சுகின்றன.

முன்னாளில் இதன் பட்டையை உரித்து நார் எடுத்து வில்நாணும் மீன்வலையும் முறுக்கினர். காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைத் தலையணையில் அடைத்தனர். வெள்ளெருக்கு நாரால் திரி திரித்து விளக்கேற்றுவோர் இன்றும் உள்ளனர். முள் தைத்த இடத்தில் பாலை வைப்பதும், மூட்டு வீக்கத்துக்கு எண்ணெய் தடவிய இலையை வாட்டிக் கட்டுவதும், குதிகால் வலிக்குச் சுட்ட செங்கல்லின்மேல் எருக்கிலையைப் பரப்பி மிதிப்பதும் நம் பாட்டிமார் கைவைத்தியம்.

சித்த மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் இதன் பூ, இலை, வேர்ப்பட்டை ஆகியவற்றை இரைப்பு, இருமல், தோல் நோய்களுக்கான மருந்துகளில் சேர்ப்பது உண்டு. ஆயினும் ஆயுர்வேதம் எருக்கை 'உபவிடம்' என்ற வரிசையில் வைத்து, சுத்தி செய்த பின்னரே, அளவறிந்தே கையாள வேண்டும் என்கிறது. அரளியும் ஊமத்தையும் குன்றிமணியும் இடம்பெற்ற வரிசை அது. மருந்தென்று நூல் சொன்ன வரியைப் படித்தவர், நஞ்சென்று அதே நூல் சொன்ன வரியையும் படிக்க வேண்டும்.

இதயத்தைத் தாக்கும் நஞ்சு

எருக்கின் நஞ்சு கண்ணோடு நிற்பதில்லை. பாலிலும் இலையிலும் வேரிலும் இதயத்தை நேரே தாக்கும் பொருள்கள் உள்ளன. இதய நோயாளிகளுக்கு மருத்துவர் மிக நுண்ணிய அளவில் தரும் டிகாக்சின் மாத்திரையும் இவையும் ஒரே தன்மையன. உட்சென்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நாடி தளர்தல், இதயத்துடிப்பு தாறுமாறாதல் எனத் தொடங்கி உயிரிழப்பு வரை போகலாம். ஏற்கெனவே டிகாக்சின் உட்கொள்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. ஒரு செடியில் உள்ள நஞ்சின் அளவு மற்றொன்றில் இராது. "சென்ற முறை ஒன்றும் ஆகவில்லை" என்பது இந்த முறைக்குச் சான்றாகாது.

சொல்லக் கூசும் செய்தி ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். சில பத்தாண்டுகளுக்கு முன்வரை நம் மாநிலத்தின் சில பகுதிகளில், பெண்ணாய்ப் பிறந்த பாவத்துக்காகச் சிசுவின் வாயில் எருக்கம்பாலை ஊற்றிய கொடுமை நடந்தது. அதைத் தடுக்கவே 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. கருவைக் கலைக்க எருக்கங்குச்சியைப் பயன்படுத்தித் தாயும் மாண்ட துயரங்கள் எத்தனையோ. பூசையில் வைத்து வணங்கிய செடியை மனிதன் கொலைக்கருவியாக்கினான். பாவம் செடியினுடையதன்று; கையினுடையது. பேரன் பேத்திகள் உள்ள வீட்டுப் பெரியவர்கள் இவ்வரலாற்றை மறைக்காமல் சொல்லி வைப்பது நலம்.

கைக்கொள்ள வேண்டியவை

வழிபாட்டை விட வேண்டியதில்லை. வழிபாட்டுக்குரிய கவனத்தைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

இலையும் பூவும் பறிப்பதை இருளில் செய்யலாகாது. முதல் நாள் மாலையே வெளிச்சத்தில், கிளையை முகத்துக்குக் கீழே வைத்து, மூக்குக்கண்ணாடி அணிந்து, கையுறையோ உறையாகச் சுற்றிய துணியோ கொண்டு வெட்டுங்கள். இயன்றால் இளையவர் ஒருவரை அனுப்புங்கள். வெட்டுவாயில் ஊறும் பால் வடிந்து அடங்கியபின், ஓடும் நீரில் நன்கு கழுவித் துடைத்து வையுங்கள். சோப்பிட்டுக் கை கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள்.

சில குடும்பங்களில் ரதசப்தமியன்று கண்களின்மேலும் இலை வைக்கும் வழக்கம் உண்டு. அவர்கள் தம் குலத்துப் பெரியோரைக் கலந்து, அவ்விலைகளை நெற்றியிலோ தோளிலோ வைத்துக்கொள்ளலாம். தலையிலிருந்து வழியும் நீர் கண்ணில் இறங்காமல் இமைகளை இறுக மூடிக்கொள்வதும் தேவை.

மாலை தொடுக்கையில் மொட்டை நசுக்கி ஓசையெழுப்பி விளையாடக் குழந்தைகளை விடாதீர்கள். நாம் அப்படி விளையாடித் தப்பியது நற்பேறு. அதை வழக்கமாக்க வேண்டா. வெள்ளெருக்கு தெய்வத்தன்மை உடையது, ஆகவே தீங்கு செய்யாது என்று எண்ணுவதும் தவறு. நிறம் வேறாயினும் பால் ஒன்றே. வீட்டில் வளர்ப்போர் குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வளர்க்கட்டும்.

எருக்கிலையில் நைவேத்தியம் வைப்பது மரபாயின் வையுங்கள். உண்பதை வாழையிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் சுட்ட செங்கல் வைத்தியத்தின் பக்கமே போக வேண்டா. சூடும் தெரியாது, பால் பட்டுக் கொப்புளம் எழுவதும் தெரியாது. புண்ணான பின்னரே தெரியவரும். பல்வலிக்குப் பாலை வைப்பது, இரைப்புக்குப் பூவை அரைத்து உண்பது ஆகியவற்றைப் பட்டம் பெற்ற மருத்துவரின் சொல்லின்றிச் செய்யாதீர்கள்.

கண்ணில் பால் பட்டுவிட்டால் வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல், அந்நொடியே தூய நீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் இமையை விரித்துக் கழுவுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன் எதுவும் விட வேண்டா. அன்றே கண் மருத்துவரைக் காணுங்கள். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108 ஊர்தியை அழைத்து, செடியின் சிறு கிளையொன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

தமக்கையார் இவ்வாண்டும் ரதசப்தமியைக் கொண்டாடினார். இலைகள் முதல் நாளே பேரன் கையால் பறிக்கப்பட்டு, கழுவப்பட்டு, பித்தளைத் தட்டில் காத்திருந்தன. விடியலில் நீராடி வந்து கிழக்கு நோக்கி நின்றவரிடம், "அக்கா, எருக்கின்மேல் உங்களுக்கு மனத்தாங்கல் இல்லையா?" என்று கேட்டேன்.

"அது தன் இயல்பில் நிற்கிறது, தம்பி. இருட்டில் போய் அதன் கழுத்தைத் திருகியது நான்தானே" என்றார். பின்பு வலக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடக்கண்ணால் எழுஞாயிற்றின் ஒளியைத் தாம்பாளத்து நீரில் கண்டு கைகூப்பினார்.

கண்ணொளி தந்தருளும் கதிரவன் அன்பர்கள் அனைவரின் கண்களையும் காப்பானாக. அவன் காக்கும்படியாக நாமும் நடந்துகொள்வோமாக.